அரிசி டிரம்முக்குள் ரெகுலேட்டர்

பூட்ஸை வாசலிலேயே கழற்றிவிட்டு வருகிறார், நல்ல பிள்ளை, காக்கிச் சட்டைக்காரர்களிடம் இந்த மரியாதையை நான் எதிர்பார்க்கவில்லை, கதவைத் தள்ளியதும் மணி அடிக்கிறது, ஆட்டுக்கிடாய் கழுத்தில் கட்டுகிற மணி, சந்தையில் வாங்கிவந்து நாச்சம்மாள் கதவில் கட்டிவைத்திருக்கிறாள், எதுக்குடி இது என்றால் திருடன் வந்தால் தெரியுமாம், பட்டப்பகலில் எந்தத் திருடன் வரப்போகிறான், வந்தாலும் இந்த வீட்டில் எதைத் தூக்கிக்கொண்டு போவான், என்னுடைய பழைய கறுப்புக் கோட்டையா, முப்பது வருஷத்துக்கு மேல் ரயிலில் டிக்கெட் பரிசோதித்துத் தேய்ந்துபோன கோட்டு, திருடனே பரிதாபப்பட்டுத் திரும்ப மாட்டிவிட்டுப் போவான். பாருங்கள் தம்பி, வந்ததும் வராததுமாக உங்களுக்கே ஒரு அத்தாட்சி கிடைத்துவிட்டது என்று கண்ணாலேயே மணியைக் காட்டுகிறேன். அவர் சிரிக்கிறார். சட்டையில் செல்லக்குமார் என்று பெயர் குத்தியிருக்கிறது. சன்னலோரத்துப் பிரம்பு நாற்காலிக்கு இடது கால் ஆடும், அதில் உட்காருகிறவர்கள் எல்லோரும் ஒருமுறை திடுக்கிட்டு எழுவார்கள், இவர் வலது பக்கமாகச் சாய்ந்து பதமாக உட்கார்ந்துவிட்டார், தீயணைப்புக்காரர் அல்லவா, எது ஆடும் எது சாயும் என்று பார்த்ததும் தெரிந்துவிடும் போலிருக்கிறது. அவள் குளிக்கப் போன நேரம் பார்த்துத்தான் நான் போன் செய்தேன். தீயெல்லாம் இல்லை, ஆனால் வரவேண்டும், என் சம்சாரத்துக்குப் புத்தி தடுமாறுகிறது, நான் கூப்பிட்டதாகக் காட்டிக்கொள்ளாமல் வந்து பாருங்கள் என்றேன். எடுத்தவர் ஒரு கேள்வி கேட்கவில்லை, வீடு எங்கே என்றுகூடக் கேட்கவில்லை, சேரிங்கய்யா வந்தர்றோம் என்று வைத்துவிட்டார். அரசாங்கத்தில் இவ்வளவு சுறுசுறுப்பா என்று ஆச்சரியமாகத்தான் இருந்தது.

இவர்களைக் கூப்பிடலாம் என்று எனக்கு எப்படித் தெரியும் என்றால், தீத்தொண்டு வாரத்தில் எங்கள் காலனிப் பூங்காவில் எரிகிற சிலிண்டர்மேல் ஈரச் சாக்கைப் போர்த்தி அணைத்துக் காட்டினார்கள், எல்லோரும் கைதட்டினோம், அப்புறம் ஒருவர் மைக்கைப் பிடித்து, "பெரியவங்க இருக்கற வீட்டுல அடுப்புல வெச்ச போசி திரும்பத் திரும்பக் கருகுதா, கேஸை மூடாம வுட்டுட்டுப் போறாங்களா, சாமானெல்லாம் வெச்ச எடத்துல இல்லாம எங்கியோ கெடக்குதா, திட்டாதீங்க, எங்களக் கூப்புடுங்க, அது சேட்டையில்ல, அது நோவு, நாங்க வந்து பாக்கறோம், வேணும்னா பெரியாஸ்பத்திரி டாக்டருகிட்ட நாங்களே கூட்டிட்டுப் போறோம்" என்றார். டாக்டர் இவர்களுக்குப் பாடம் நடத்தியிருக்கிறாராம். நல்ல யோசனைதான், டாக்டரை யார் அடுப்படிவரை விடுகிறார்கள், தீயணைப்புக்காரரை விட்டுத்தானே ஆகவேண்டும். அவர் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றும் நாச்சம்மாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதியது மாதிரி இருந்தது. அவளும் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள், என் கையைப் பிடித்தாள், பிடி இறுகிக்கொண்டே போனது, பாவம், அவளுக்கே தெரிந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். இதில் எங்கள் பையன் பிரபாகர் வேறு. புனேயிலிருந்து பேசுவான், போனை எடுத்துக்கொண்டு அவள் அடுப்படிக்குள் போய்விடுவாள், ஒருநாள் தண்ணீர் குடிக்கப் போன என் காதில் விழுந்துவிட்டது, ஹோம்ல சேத்தரலாம்மா, நல்லாப் பாத்துக்குவாங்க, தீபாவளிக்கு வரும்போது முடிவு பண்ணிரலாம் என்கிறான், இவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு மாட்டேன் மாட்டேன் என்று அழுகிறாள். பெற்ற தாயை, தூக்கிக்கொண்டுபோய் எவனோ நடத்துகிற விடுதியில் போடுவானாம். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவன் எதிரில் இருந்திருந்தால் அறைந்திருப்பேன். அவளை விட்டுவிட்டு நான் இந்த வீட்டில் என்ன செய்வேன், சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேனா? தீபாவளிக்கு முன்னால் ஒரு மாத்திரை, ஒரு மருந்து, ஏதாவது கொடுத்து அவளைச் சரிசெய்துவிட வேண்டும், அதற்குத்தான் இவரைக் கூப்பிட்டேன்.

நாச்சம்மாள் காப்பி கொண்டுவந்து அவர் முன்னால் வைக்கிறாள். சர்க்கரை எவ்வளவு என்று கேட்கவில்லை, சர்க்கரை டப்பா திறக்கிற சத்தமும் கேட்கவில்லை, சுத்தமாகப் போட்டிருக்க மாட்டாள், அதுவும் மறதிதான், அவர் முகம் சுளிக்காமல் குடிக்கிறார், எத்தனை வீடு பார்த்திருப்பார், பழகியிருக்கும். குடித்துக்கொண்டே பேச்சுவாக்கில், "இன்னிக்கு என்ன கெழமைங்க, ரேசன் கடை இருக்குதுங்களா?" என்கிறார். ஆகா, ஆரம்பித்துவிட்டார். இந்தத் தொழில் எனக்குத் தெரியாததா? டிக்கெட்டை எடு என்று நேராகக் கேட்பவன் கத்துக்குட்டி, நான் கேட்க மாட்டேன், பக்கத்தில் உட்கார்ந்து ஊஞ்சலூர் தாண்டிருச்சுங்களா என்பேன், டிக்கெட் வைத்திருப்பவன் சன்னலைப் பார்ப்பான், இல்லாதவன் என் முகத்தைப் பார்ப்பான். அது மட்டுமா, பெட்டிக்குள் நான் நுழைந்ததும் முதல் ஆளாக எழுந்துவந்து, சார் அந்த ஆளைப் பாருங்க, அந்த அம்மாவைப் பாருங்க என்று புகார் சொல்கிறான் பாருங்கள், அவன் பையில் டிக்கெட் இருக்காது, நான் பார்த்தவரையில் இது தப்பியதே இல்லை. செல்லக்குமாரும் கெட்டிக்காரர்தான், நாச்சம்மாளுக்குப் போடுகிற கேள்வியை என்னைப் பார்த்துக் கேட்கிறார், அவளுக்குச் சந்தேகம் வரக்கூடாது என்று. அவள் முந்தானை நுனியைத் திருகுகிறாள். அவள் திணறுவதைப் பார்க்கப் பொறுக்காமல் நானே, "வியாழன், கடை இருக்கும் தம்பி" என்றேன். "வெள்ளிங்க" என்றாள் அவள், மெதுவாக, யாருக்கும் கேட்கக்கூடாது என்பது மாதிரி. பார்த்தீர்களா தம்பி என்று நான் அவரைப் பார்க்கிறேன், அவர் சன்னலைப் பார்க்கிறார். மாரியம்மன் கோயில் மைக்கில் பாட்டுப் போடுகிறார்கள், காது அடைக்கிறது, நாலு தெரு தள்ளி இருந்தும் இப்படி, வாரத்துக்கு ஒருநாள் போடுவதால் பிழைத்தோம்.

மொட்டை மாடிக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போகிறேன், அவளை நீ கீழேயே இரு என்று சொல்லிவிட்டு, முழங்கால் ஒவ்வொரு படியிலும் முணுமுணுக்கிறது, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால்தான் வைத்திருக்கிறேன். அடிப்பிடித்த பால் போசி. பாலை வைத்துவிட்டு எங்கேயோ போய்விடுகிறாள், நான் ஹாலில் உட்கார்ந்திருப்பேன், வாடை வரும், ஓடிப்போய்ப் பார்த்தால் போசி கரியாகிக் கிடக்கும், அவள் பின்கட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருப்பாள், அவள் பார்த்தால் வெட்கப்படுவாளே என்று அவசரமாக எடுத்துவந்து இங்கே ஒளித்துவிடுவேன், மனைவி மானம் நம் மானமல்லவா. ஒரு தடவை, மிஞ்சிப்போனால் இரண்டு தடவை. சாக்கைத் தூக்குகிறேன். தொட்டிச் சுவரின் நீளத்துக்கு அடுக்கியிருக்கிறது. பால் போசி, ரசம் வைக்கிற ஈயப் பாத்திரம், குக்கர், பிரபாகர் பிறந்தபோது அவள் அம்மா வீட்டிலிருந்து வந்த பித்தளைக் குண்டா, எல்லாம் வயிறு கருத்து, சில துருப்பிடித்து, ஒன்றில் மழைத்தண்ணீர் தேங்கிக் கொசு முட்டையிட்டிருக்கிறது. இத்தனையையும் யார் கொண்டுவந்து வைத்தது? நான் கொண்டுவந்தது ஒன்றோ இரண்டோதானே. அவளும் கொண்டுவந்திருக்கிறாளா, எனக்குத் தெரியாமல், அவள் முழங்காலை வைத்துக்கொண்டு இந்தப் படியில் ஏறியா? நான் செல்லக்குமாரைப் பார்க்கிறேன். இவ்வளவு பெரிய குவியலைப் பார்த்தால் யாருக்கும் ஒரு திகைப்பு வரவேண்டுமே, அவர் முகத்தில் ஒன்றுமில்லை, நேற்று வாசித்த பேப்பரைத் திரும்பப் பார்க்கிறவர் முகம் மாதிரி இருக்கிறது. "எறங்கலாங்கய்யா, வெயிலு" என்று என் முழங்கையைப் பிடித்துக்கொள்கிறார்.

இதையெல்லாம் விடுங்கள், இங்கே வாருங்கள், இதைப் பார்த்தால் உங்களுக்கே புரிந்துவிடும் என்று அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போகிறேன், மாடியில் பார்த்தது கண்ணுக்குள்ளேயே நிற்கிறது, அதைத் தள்ளிவிட்டு இதைக் காட்டிவிட வேண்டும். அடுப்பைத் திருகுகிறேன், லைட்டர் இருக்கிற ஆணியில் லைட்டர் இல்லை, அதையும் எங்கேயோ வைத்திருப்பாள், கீழே குனிந்து பார்க்கச் சொல்கிறேன், சிலிண்டர் மொட்டையாக நிற்கிறது, ரெகுலேட்டரும் இல்லை, குழாயும் இல்லை. இப்போதுதானே காப்பி போட்டாள்! போட்டுவிட்டு ஒவ்வொரு தடவையும் கழற்றி எடுத்துவிடுகிறாள் தம்பி, எடுத்து எங்கே வைக்கிறாள் தெரியுமா, அரிசி டிரம்மைத் திறந்து தோள்வரைக்கும் கையை விட்டுத் துழாவுகிறேன், அரிசி குளுகுளுவென்று இருக்கிறது, அடியில் ரப்பர் குழாய் தட்டுப்படுகிறது, அதோடு ரெகுலேட்டரையும் வெளியே இழுத்து அவர் முகத்துக்கு நேராகப் பிடிக்கிறேன். நல்ல புத்தி உள்ளவள் செய்கிற காரியமா இது? அரிசிக்குள் கேஸ் ரெகுலேட்டர், குளியலறைக் கதவில் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டாள், நான் உள்ளே இருந்தால் வெளியே நின்று ஆச்சுங்களா ஆச்சுங்களா என்கிறாள், என் ஸ்கூட்டர் சாவியைக் கேட்டால் தெரியாது என்கிறாள், கடைக்குப் போனாலும் பின்னாலேயே வருகிறாள். நான் மூச்சு வாங்கச் சொல்லி முடிக்கிறேன். செல்லக்குமார் என்னை விட்டுக் கண்ணை எடுக்காமல் எல்லாம் கேட்கிறார், அப்புறம், "சேரிங்கய்யா, அதை ஒருக்கா மாட்டிக் காட்டறீங்களா?" என்கிறார்.

இதென்ன பெரிய வித்தை. குனிகிறேன். ரெகுலேட்டரைச் சிலிண்டர்மேல் வைக்கிறேன். அது உட்காரவில்லை. சுற்றுகிறேன். கறுப்புக் குமிழ் ஒன்று இருக்கிறது, அதை எதற்கு வைத்திருக்கிறார்கள், திருக வேண்டுமா, அழுத்த வேண்டுமா, இடது கை எங்கே பிடிக்க வேண்டும், இந்தக் கைதானே எத்தனையோ வருஷமாக மாட்டியது, அவள் பிரசவத்துக்குப் போனபோது நான்தானே பொங்கித் தின்றேன், கை மறக்குமா, கைக்கு என்ன மறதி, அதற்கு மூளையா இருக்கிறது, திருப்புகிறேன், மறுபடியும் திருப்புகிறேன், குழாய் முறுக்கிக்கொள்கிறது, விரலெல்லாம் யாரோ ஒருவருடையது மாதிரி இருக்கிறது, நெற்றியில் வேர்வை வழிந்து கண்ணில் எரிகிறது. அப்போது கண்ணாடி வளையல் போட்ட ஒரு கை என் கைக்குமேல் வருகிறது. என் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, குமிழைத் தூக்கி, வைத்து, அழுத்தி, டக். முடிந்தது. கண்ணை மூடித் திறக்கிற நேரம்கூட ஆகவில்லை. டக் என்கிற அந்தச் சத்தம் எனக்குள் எங்கேயோ போய் விழுகிறது, விழுந்துகொண்டே இருக்கிறது.

நாச்சம்மாள் நிமிர்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு செல்லக்குமாரைப் பார்த்து, "அவிய சொல்றது நெசந்தானுங்க. எனக்குத்தான் எல்லாம் மறந்து மறந்து போகுது. போசியெல்லாம் நாந்தான் கருக வுட்டனுங்க. ஆஸ்பத்திரில என் பேரையே எழுதிக் குடுங்க, அவியளுக்கு ஒண்ணுமில்லீங்க" என்கிறாள். என் தொழிலில் நான் பார்த்த முகங்கள் கொஞ்சமா நஞ்சமா, கழிப்பறையில் ஒளிந்தவன், தூங்குவதுபோல் நடித்தவன், கைக்குழந்தையைக் கிள்ளி அழவிட்டவள், எல்லாப் பொய்யும் எனக்குத் தெரியும், ஆனால் இதுபோல ஒரு மோசமான பொய்யை நான் பார்த்ததில்லை, கீழுதடு நடுங்குகிறது, கண் என்னைப் பார்க்கவே மாட்டேன் என்கிறது, கழுத்தெல்லாம் சிவந்துவிட்டது, கல்யாணமான புதிதில் உப்புமாவைப் பக்கத்து வீட்டில் வாங்கிவந்து நானே செய்தேன் என்று சொன்னபோது இருந்த அதே முகம், இவளுக்குப் பொய் வராது, அன்றும் வரவில்லை, இன்றும் வரவில்லை. எதற்குப் பொய் சொல்கிறாள்? யாரைக் காப்பாற்றுவதற்கு? சார் அந்த அம்மாவைப் பாருங்க என்று முதல் ஆளாக எழுந்துவந்து புகார் சொன்னவன் யார்? ஐயோ. ரெகுலேட்டரை அவள் யாரிடமிருந்து ஒளித்தாள், திருடனிடமிருந்தா? தாழ்ப்பாளை அவள் கழற்றியது, யார் உள்ளே மாட்டிக்கொண்ட பிறகு? வாரத்துக்கு ஒருநாள் மாரியம்மன் கோயிலில் பாட்டுப் போடுகிற நாள் எது, வெள்ளி, வெள்ளிதானே, சின்னக் குழந்தைக்குத் தெரியுமே. பூங்காவில் அவள் என் கையை இறுக்கிப் பிடித்தது. ஹோமில் சேர்த்துவிடலாம் என்று பிரபாகர் சொன்னது அவன் அம்மாவை இல்லை. அம்மாவிடம் சொன்னான். அவள் முந்தானையைக் கடித்துக்கொண்டு மாட்டேன் மாட்டேன் என்று அழுதது எனக்காக. தரை ஓடுகிறது, ரயில் புறப்படும்போது பிளாட்பாரம் பின்னால் போகுமே அதுபோல, நான் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொள்கிறேன். பயமாக இருக்கிறது. சின்ன வயதில் கிணற்றை எட்டிப் பார்த்தபோதுகூட இவ்வளவு பயம் வந்ததில்லை.

சொல்லிவிட வேண்டும். இப்போதே சொல்லிவிட வேண்டும், இது என் கையில் இருக்கும்போதே, ஏனென்றால் இதுவும் போய்விடும், சாயங்காலத்துக்குள் போய்விடும், மாடியில் இருக்கிற அத்தனை போசியும் போனதுபோல இதுவும் ஒரு சாக்குக்குப் பின்னால் போய்விடும், நாளைக்கு நான் மறுபடி நல்ல புருஷனாகி இவளைச் சந்தேகமாகப் பார்ப்பேன். "தம்பி" என்கிறேன், குரல் கீச்சென்று வருகிறது. "இவ பொய் சொல்றா. இவளுக்கு ஒண்ணுமில்ல. நாந்தான். நாளைக்கு நான் போன் பண்ணி இவளப் பத்திக் கொறை சொன்னா நம்பாதீங்க தம்பி, எனக்குச் சத்தியம் பண்ணிக் குடுங்க."

செல்லக்குமார் நாச்சம்மாளைப் பார்க்கிறார். அவள் மேடையில் இல்லாத தூசியைத் துடைக்கிறாள். அப்புறம் அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "போன தடவையும் இதையே சொல்லித்தானுங்கய்யா சத்தியம் வாங்குனீங்க" என்கிறார்.

போன தடவை. எந்தத் தடவை? இவரை நான் இன்றைக்குத்தானே. நாற்காலியில் ஆடாத பக்கமாகப் பார்த்து உட்கார்ந்தாரே. சர்க்கரை இல்லாத காப்பி, அவருக்குச் சர்க்கரை வேண்டாம் என்று அவளுக்குத் தெரியும். வீடு எங்கே என்று போனில் யாரும் கேட்கவில்லை. இதே அடுப்படியில், இதே மேடையைப் பிடித்துக்கொண்டு நான் நின்றிருக்கிறேன், இவ்வளவு பெரிய இடி என் தலையில் விழுந்திருக்கிறது, விழுந்ததுகூட எனக்குத் தெரியவில்லை, இவள் மட்டும் அதைத் தலையில் வைத்துக்கொண்டு எனக்கு ரசம் வைத்து ஊற்றியிருக்கிறாள், சாப்பிட்டுவிட்டு உப்புக் குறைச்சல் என்றிருப்பேன். எத்தனை தடவை என்று கேட்க வாயெடுக்கிறேன், கேட்கவில்லை, தெரிந்துகொண்டு எங்கே வைப்பேன். "டாக்டருகிட்டப் போலாம்னு கூப்புட்டனுங்க" என்கிறார் அவர், "நாளைக்கு வர்றேன்னு சொன்னீங்க. மறுநாளு நான் ஜீப்பு கொண்டாந்து நிறுத்துனா, யாரு தம்பி நீங்க, வீடு மாறி வந்துட்டீங்களான்னு கேட்டீங்க." அவர் சிரிப்பதுபோல் வைத்துக்கொண்டார், கண் சிரிக்கவில்லை. "மருந்து இருக்குதுங்கய்யா. முழுசாக் கொணமாவுதோ இல்லியோ, இந்த வீட்டுலயே அம்மாகூட இருக்கலாம். பையன்கிட்ட டாக்டரே பேசுவாருங்க."

"ஜீப்பு நிக்குதா?"

"நிக்குதுங்க."

"அப்ப நாளைக்கு வேண்டாம்" என்கிறேன். சட்டை மாற்ற வேண்டாம், முகம் கழுவ வேண்டாம், கண்ணாடியைத் தேடப் போனால் எதற்குத் தேடுகிறேன் என்பது போய்விடும், இப்படியே போக வேண்டும், நானேதான் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே, நானேதான், நானேதான், சின்னப் பையன் கடைக்குப் போகும்போது வாங்க வேண்டியதைச் சொல்லிக்கொண்டே ஓடுவானே அப்படி. ஹால், பிரம்பு நாற்காலி, கோட்டு, நானேதான். நாச்சம்மாள் பின்னால் வருகிறாள், மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்கிறது, வரட்டும், இனிமேல் பின்னாலேயே வரட்டும், ஏன் வருகிறாய் என்று கேட்க மாட்டேன், கேட்டாலும் அவள் பொருட்படுத்த வேண்டாம். கதவை இழுக்கிறேன். தலைக்குமேல் மணி அடிக்கிறது. நின்று அதை அண்ணாந்து பார்க்கிறேன், சந்தைக்குப் போய், பேரம் பேசி, நான் தூங்குகிற நேரம் பார்த்து நாற்காலிமேல் ஏறிக் கட்டியிருப்பாள்.

"திருடன் போறான், நாச்சா" என்கிறேன். "கையப் புடிச்சுக்க."

அவள் பிடித்துக்கொண்டாள்.